பாஸ்டன் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம்: காரைக்குடிப் பக்கத்துக் கேள்விகள்

தேவகோட்டையிலிருந்து: தனியார் பல்கலைக்கழகம் என்கிறார்களே, நன்கொடை கேட்பார்களா ஐயா?

கேட்கமாட்டார்கள். அரசு நடத்தாதது, லாபத்துக்கும் நடத்தாதது, அவ்வளவுதான். 1898-இல் மாலை வகுப்பாகத் தொடங்கியது. பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காரருக்கும் நம் பிள்ளைக்கும் ஒரே கட்டணம்.

புதுவயல்: கோ-ஆப் என்றால் கேம்பஸ் பிளேஸ்மென்ட் மாதிரியா அண்ணே?

இல்லை தம்பி. படிப்பின் நடுவே நிறுவனத்தில் சம்பளத்துக்கு முழுநேர வேலை, 1909-இலிருந்து நடக்கிறது. எம்.எஸ். மாணவருக்குப் பெரும்பாலும் 4 முதல் 8 மாதம். வேலையைத் தேடி நேர்காணலில் வெல்வது உங்கள் பொறுப்பு, கிடைக்காமலும் போகலாம். அந்தச் சம்பளத்தை நம்பிக் கடன் கணக்குப் போடாதீர்கள்.

எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் ஒரு கல்வியாண்டு முழுநேரம் படித்த பிறகே இது சிபிடி அனுமதியில், அதாவது படிக்கும்போதே படிப்போடு சேர்ந்த வேலை பார்க்கும் அனுமதியில், கிடைக்கும். முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால், அதே பட்டத்துக்கான ஓபிடி, அதாவது பெரும்பாலும் படிப்பு முடிந்தபின் வேலை பார்க்கப் பயன்படும் அனுமதி, போய்விடும். ஆசைப்பட்டு நீட்டிக்கொண்டே போகிறவர்கள் கடைசியில் மாட்டுவது இங்கேதான்.

பள்ளத்தூர்: சேர்க்கைக் கடிதத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

வளாகத்தின் பெயரை. இதே பல்கலைக்கழகத்துக்கு சியாட்டில், ஓக்லாந்து, போர்ட்லாந்து என்று பல ஊரில் கிளை உண்டு. பாஸ்டன் என்று நினைத்துப் பணம் கட்டிவிட்டுப் பிறகு விழிக்காதீர்கள். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்திலும் அதே ஊர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கானாடுகாத்தான்: பேரனுக்குக் கடன் வாங்க வளவு வீட்டை அடமானம் வைக்கலாமா?

கஷ்டம் ஆச்சி. முகப்பு எத்தனை பெரிதாக இருந்தாலும் வீடு பங்காளிகளுக்குப் பொது. பங்குதாரர் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மலேசியாவில், ஒருவர் சென்னையில் என்றால் மாதக்கணக்கில் இழுக்கும். ஒருவர் பெயரிலேயே மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று உள்ள மனை இருந்தால் அதைக் கொடுங்கள்.

ஐ-20 வாங்க முதலாண்டுச் செலவுக்குப் பணம் காட்ட வேண்டும். வங்கி இருப்பு, வைப்புத்தொகை, கடன் அனுமதிக் கடிதம் செல்லும். வீடும் நகையும் செல்லாது.

காரைக்குடி, சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) பி.டெக். மாணவர்: ஆராய்ச்சிக்குப் போக முதலில் எம்.எஸ். முடிக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. பி.டெக். முடித்தே முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் பெரும்பாலும் கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் உண்டு, எம்.எஸ்.ஸுக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும். மின்வேதியியல் ஆய்வகம் நடத்தும் பேராசிரியரின் அண்மைக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, உங்கள் ஆய்வகப் பயிற்சி அதில் எங்கே பொருந்தும் என்று நாலு வரி எழுதுங்கள். ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் பதில் வராது.