கண்ணாடி மூலையில் ஒரு பொட்டு

அன்புள்ள அக்கா,

ஓசூரிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்கு எல்லோரும் எழுதுவது மாதிரி இது இலக்கியக் கேள்வி இல்லை, திட்டாதீர்கள்.

நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வாடகை வீடு, இரண்டு வயதில் ஒரு பையன். போன மாதம் ராயக்கோட்டை ரோட்டில் ஒரு பழைய மரச்சாமான் கடையில் 3,500 ரூபாய்க்கு ஒரு ட்ரெஸ்ஸிங் டேபிள் வாங்கினோம். புதிது வாங்க இப்போது வசதி இல்லை. இடது பக்கம் மூன்று டிராயர். நடு டிராயர் திறக்கவே மாட்டேன் என்கிறது. ஒரு கைப்பிடி இல்லை. உட்கார ஸ்டூலும் இல்லை. மேல் பலகை மட்டும் பாலீஷ் போட்டது, அதில் டம்ளர் வைத்த வெள்ளை வட்டங்கள். மற்ற இடமெல்லாம் பிரவுன் பெயிண்ட்; அது உரிந்த இடத்தில் அடியில் பச்சை பெயிண்ட் தெரிகிறது. கண்ணாடியின் கீழ் ஓரத்தில் கருப்புப் புள்ளிகள். பக்கவாட்டில் யாரோ ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி ஒட்டி வைத்த கறை.

வீடியோக்களில் பார்த்த மாதிரி வெள்ளை பெயிண்ட் அடித்து, தங்க நிறக் கைப்பிடி வைத்துப் புது லுக் கொடுக்க ஆசை. செலவு 2,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருகிற சனி, ஞாயிறில் படுக்கையறையிலேயே வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம் என்று இருக்கிறோம். பொங்கலுக்கு மாமியார் வருகிறார். “வேற பொம்பள முகம் பாத்த கண்ணாடியில நீ பாக்கக் கூடாது” என்று போனிலேயே சொல்லிவிட்டார். யாரோ வைத்திருந்த பொருள் என்றே தெரியக் கூடாது அக்கா. வழி சொல்லுங்கள்.

அன்புடன்,
ம., ஓசூர்

அன்புள்ள ம.,

திட்டத்தான் போகிறேன். அதற்கு முன்னால் ஒன்று. உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் பெங்களூரில் இருக்கும் என் மகளிடம் போனில் கேட்டேன், “பாட்டியோட ட்ரெஸ்ஸிங் டேபிளை எடுத்துக்கிறியா?” என்று. “எங்க ஃப்ளாட்டுக்கு அது செட் ஆகாதும்மா” என்றாள். யோசிக்கக்கூட இல்லை. இரண்டு நாளாக அந்த மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

முதலில் திட்டு. படுக்கையறையில் வைத்துத் தேய்ப்பதாக இருக்கிறீர்களே, வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருப்பது நினைவில் இருக்கிறதா? பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் போகக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் மேசையின் அடியில் இருக்கும் பச்சை எந்தக் காலத்துப் பச்சையோ. உப்புத்தாள் போட்டால் அது மாவாகிப் பறக்கும். மெத்தையில் உட்காரும், தரையில் உட்காரும், தரையிலிருந்து பையன் விரலுக்கு, விரலிலிருந்து வாய்க்கு. ஈயம் போய்த் தாக்குவது குழந்தையின் மூளையை. வீடியோவில் வரும் பெண்ணுக்குப் பின்னணி இசை போடவே நேரம் சரியாக இருந்திருக்கும், இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டாள். மேசையை மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள். பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, ஈரத்தோடு சுரண்டுங்கள். கையுறை, நல்ல தூசு மாஸ்க் இரண்டும் வேண்டும். சுரண்டியதைப் பேப்பரில் மடித்துக் கட்டிவிடுங்கள். குளித்து உடை மாற்றாமல் பிள்ளையைத் தூக்காதீர்கள். பெயிண்ட் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தை அப்படியே விட்டுவிட்டாலும் குற்றமில்லை.

கைப்பிடி, வெள்ளையா பிஸ்தா பச்சையா, இதெல்லாம் என்னிடம் கேட்கிற விஷயமா? ஹார்டுவேர் கடைக்குப் போகும் முன் இரண்டு திருகு ஓட்டைகளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அளந்துகொண்டு போங்கள். அவ்வளவுதான்.

நடு டிராயரை இப்போது இழைக்கச் சொல்லாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் குடித்து உப்பியிருக்கிறது. இப்போது இழைப்புளி போட்டால் பங்குனி வெயிலில் லொடலொடவென்று ஆடும். மேல் டிராயரையும் கீழ் டிராயரையும் கழற்றிவிட்டு, அந்தச் சந்து வழியாகக் கை விட்டு உள்ளிருந்து தள்ளுங்கள், வந்துவிடும். நாலு நாள் வெயில் படாமல் காற்றில் வையுங்கள். அப்புறம் டிராயர் ஓடுகிற கட்டைகளில் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். டிராயர் வெளியே இருக்கும்போதே அதன் பின் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். ஊசி முனை அளவு துளைகளும், தட்டினால் அரிசி மாவு மாதிரிப் பொடியும் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. அதற்கு மருந்து வைக்காமல் மேலே எந்த அலங்காரமும் வேண்டாம்.

மேல் பலகை பாலீஷ் என்கிறீர்கள். கண்ணில் படாத ஒரு ஓரத்தில், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை வைத்துத் தேயுங்கள். பிசுபிசுவென்று ஆகிப் பஞ்சில் பழுப்பு ஏறினால் அது அரக்கு பாலீஷ். அப்படியானால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வெள்ளை வட்டம் மரத்தில் இல்லை, பாலீஷுக்குள் மாட்டிக்கொண்ட ஈரம் அது. துணியில் ஸ்பிரிட்டைப் பட்டும் படாமலும் தொட்டு லேசாக வீசினால் பெரும்பாலும் போய்விடும். கருப்பு வட்டம் என்றால் வேறு கதை. அது இரும்பும் ஈரமும் சேர்ந்து மரத்துக்குள்ளேயே ஏறிய கறை, சுலபத்தில் போகாது. புது பாலீஷ் வேண்டுமானால் ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அவலரக்கு, அவல் மாதிரித் தட்டையாக இருக்கும் அரக்கு. ராத்திரி போட்டுவைத்தால் காலையில் கரைந்திருக்கும். வடிகட்டி, பஞ்சைத் துணிக்குள் வைத்துப் பொட்டலமாகக் கட்டி, மரத்தின் ரேகை போகிற பக்கமாகவே இழுக்க வேண்டும். மழை நாளில் போட்டால் வெளுத்துவிடும். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள், ஸ்பிரிட்டில் இருக்கும் ஆல்கஹால்தான் சென்ட்டிலும் இருக்கிறது. அரக்கு பாலீஷ் மேல் சென்ட் பாட்டில் கவிழ்ந்தால் பாலீஷும் அதோடு கரைந்து வரும். அலங்கார மேசைக்கு இதைவிடப் பொருத்தமான எதிரி கிடையாது.

உங்கள் 2,000 ரூபாயில் மிச்சம்கூட இருக்கும். சரி.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். “யாரோ வைத்திருந்த பொருள் என்றே தெரியக் கூடாது.” ஏன் தெரியக் கூடாது?

நீங்கள் குடியிருப்பது வாடகை வீடு. உங்களுக்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள், அந்தப் படுக்கையறையில் யார் நோயில் கிடந்தார்கள் என்று கேட்டுவிட்டா அட்வான்ஸ் கொடுத்தீர்கள்? தண்ணீர் வருமா, பைக் நிறுத்த இடம் இருக்கிறதா என்று கேட்டிருப்பீர்கள். கழுத்தில் இருக்கும் சங்கிலியின் தங்கம் எத்தனை கழுத்து பார்த்ததோ. யாரோ அடகு வைத்து மீட்க முடியாமல் போனதாகக்கூட இருக்கலாம். அதைக் கேட்டால் கூசுவதில்லை, ஏனென்றால் நடுவில் உருக்கிவிட்டார்கள். உருக்கினால் பழைய ஆள் போய்விடுகிறாள் என்று நமக்கு ஒரு நம்பிக்கை. மரத்தை உருக்க முடியாது. அதனால்தான் வெள்ளை பெயிண்ட் டப்பாவைத் தேடுகிறோம்.

உங்கள் மாமியார் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் அவர் கண்ணாடிக்குள் ஒரு பெண் இருக்கிறாள் என்று நினைக்கிறார், அவளுக்குக் கொஞ்சம் பயப்படவும் செய்கிறார். அது ஒரு மாதிரி மரியாதை. நீங்கள் படித்தவர், பயமெல்லாம் இல்லை, அவள் இருந்ததையே அழித்துவிடலாம் என்கிறீர்கள்.

கோபம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். இதை நான் செய்திருக்கிறேன்.

1986. அப்பா தர்மபுரியில் அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். மாற்றலாகிப் போன ஒரு அதிகாரி வீட்டில் சாமான்களை விற்றார்கள். அப்பா 150 ரூபாய்க்கு ஒரு ட்ரெஸ்ஸிங் டேபிளையும் ஸ்டூலையும் வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். “தேக்கு, தேக்கு” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தபோது வலது மேல் மூலையில், சட்டத்தை ஒட்டி, ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. அந்த வீட்டு அம்மாள் ஒட்டியது. பாட்டி உடனே, “அடுத்தவ பொட்டு, சுரண்டிப் போடு” என்றார். அம்மா சுரண்டவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது” என்றார். மறுநாளிலிருந்து அதற்குக் கீழே தன் பொட்டுகளை ஒட்டத் தொடங்கினார். ராத்திரி எடுத்து ஒட்டுவது, காலையில் எடுத்து வைப்பது, பசை போனதை அங்கேயே விட்டுவிடுவது. அரூர், பாலக்கோடு, கிருஷ்ணகிரி என்று அப்பாவுக்கு மாற்றல் வர வர மேசையும் கூடவே வந்தது. பொட்டு வரிசை கண்ணாடியில் பாதி தூரம் இறங்கிவிட்டது.

2003 ஆவணியில் அப்பா போனார். (கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004 பிப்ரவரி 9. அப்பா இறந்தது தர்மபுரி மாவட்டத்தில், அவருடைய முதல் திவசம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில். வீடு அதே வீடு.) பதினாறாம் நாள் அத்தை ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு வந்து கண்ணாடியில் இருந்த பொட்டுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டினார். அழுதுகொண்டேதான் சுரண்டினார், அவரைக் குறை சொல்லவில்லை. மேல் மூலைக்குப் போனபோது, அதுவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அம்மா சொன்னார்: “அது என்னுது இல்ல. விட்டுடு.”

அத்தை விட்டுவிட்டார்.

2009இல் அந்த மேசை என் வீட்டுக்கு வந்தது. அப்போது வீடியோ இல்லை, ஒரு பத்திரிகையில் படம் பார்த்தேன். வெள்ளை மேசை, வெள்ளைச் சுவர், ஜாடியில் பூ. இரண்டு டப்பா வெள்ளை எனாமல் வாங்கினேன். மேசைக்கு அடித்தேன், ஸ்டூலுக்கும் அடித்தேன். கண்ணாடியை மட்டும் பளிச்சென்று வைத்துக்கொள்ள வேண்டும் இல்லையா? மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். மூலையில் இருந்தது வரவில்லை. பிளேடு எடுத்தேன். நிறமெல்லாம் போய் வெறும் பழுப்பு வட்டமாகத்தான் இருந்தது, இரண்டு இழுப்பில் வந்துவிட்டது.

அடுத்த வாரம் அம்மா வந்தார். “நல்லாருக்கு” என்றார். மேசையின் மேல் கை வைக்கவில்லை. போய் அந்த மூலையைப் பெருவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். அப்புறம் காபி கேட்டார். அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் குளியலறைக் கண்ணாடியில்தான் தலை வாரினார்.

வெள்ளையைச் சுரண்ட 2014இல் எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு ஆசாரியைக் கூட்டிவந்தேன். ஈயமாவது ஒன்றாவது, மூக்கில் துணிகூடக் கட்டாமல் நானும் அவரோடு உட்கார்ந்து சுரண்டினேன். கடைசிப் படலமும் போன பிறகு அவர் விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தார். “தேக்குன்னு யாரும்மா சொன்னது? மாமரம்.” கிருஷ்ணகிரியில் மாமரத்துக்கா பஞ்சம்? வயதான மரத்தை வெட்டிப் பலகை போட்டு, சாயம் ஏற்றித் தேக்கு நிறத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அப்பா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டதில் எனக்கு நிம்மதி. சாயம் இல்லாத மாமரம் இளம் பழுப்பில், நடுநடுவே கருங்கோடு ஓடி, அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அதன் மேல் அரக்கு பாலீஷ் மட்டும்தான் போட்டேன். அதனால்தான் சொல்கிறேன், டப்பாவைத் திறக்கும் முன் ஒரு உள்ளங்கை அகலமாவது சுரண்டி அடியில் என்ன மரம் என்று பார்த்துவிடுங்கள்.

கண்ணாடி பற்றிக் கேட்டிருந்தீர்கள் இல்லையா. கருப்புப் புள்ளிகளை வீட்டில் சரிசெய்ய முடியாது. ஓரத்தில் ஈரம் ஏறிப் பின்னால் இருக்கும் பூச்சு போய்விட்டது. ரசம் போன கண்ணாடி என்போமே, அதுதான். ஒரு காலத்தில் வெள்ளீயத்தையும் பாதரசத்தையும் சேர்த்து நிஜமாகவே ரசம்தான் பூசினார்கள். 1835இல் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்ணாடியில் வெள்ளியைப் படியவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார், பிறகு மெல்ல மெல்ல பாதரசம் போய்விட்டது. நம் வாயில் மட்டும் ரசம் நின்றுவிட்டது. புள்ளி ரொம்ப உறுத்தினால் கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்து வேறு வெட்டிக்கொள்ளுங்கள். முகம் தெரிகிற உயரத்துக்குப் புள்ளி ஏறவில்லை என்றால் எதற்கு வீண் செலவு?

பொட்டுக் கறைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டால் பசை இளகும், பழைய துணியால் துடைத்தால் வந்துவிடும். பிளேடு வேண்டாம். அத்தனையையும் துடைக்கப்போகிறீர்களா என்பதை உங்களிடமே விடுகிறேன். மாமியாரிடம் என்ன சொல்வது என்று என்னைக் கேட்காதீர்கள், நான் என் அம்மாவிடமே ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்டூல் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். மகள் வேண்டாம் என்றாலும் மேசையை நான் விடுவதாக இல்லை. ஆனால் ஸ்டூல் சும்மாதான் கிடக்கிறது. எனக்கு முட்டி வலி, நாற்காலியில்தான் உட்கார முடிகிறது. 17 அங்குல உயரம். உங்கள் மேசைக்குக் கீழே போகுமா என்று அளந்து எழுதுங்கள். அதன் மேல் இன்னும் நான் அடித்த வெள்ளை இருக்கிறது, 2009 பெயிண்ட், அதைச் சுரண்டாமல் உங்கள் பையன் இருக்கும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். தை பிறக்கட்டும், வெயில் வந்ததும் மாடிக்குத் தூக்கிப் போகிறேன். இந்த முறை மாஸ்க்கோடு.

அன்புடன்,
அக்கா
கிருஷ்ணகிரி