சிறிய ஊரில் உடுப்புக்கடை நடத்துபவருக்கு வருமானம் காணுமா? ஊர் வேலைகளுக்கு நேரம் மிஞ்சுமா?

நான் வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவியில் 2011இலிருந்து உடுப்புக்கடை வைத்திருக்கிறேன். முன்பக்கம் சாறி, பஞ்சாபி, பிள்ளைகளின் சட்டைகள். பின்பக்கம் தையல். ஊர் வர்த்தகர் சங்கத்திலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. நீங்கள் கடையையும் ஊர் வேலையையும் இரண்டாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். வன்னியில் அப்படிப் பிரிக்க வராது. ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் குளத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பாலியாற்றை மறித்த வவுனிக்குளத்தை நம்பித்தான் எங்கள் பக்கத்து வயல்கள் கிடக்கின்றன. காலபோக நெல்லை ஐப்பசி மழையோடு விதைத்து மாசி, பங்குனியில் வெட்டுவார்கள். அதற்குப் பிறகு வரும் சிறுபோகம் குளத்தில் மிஞ்சும் தண்ணீரைப் பொறுத்தது. இப்போது தீபாவளி எப்போது வருகிறது என்று பாருங்கள். உழவுகூலி, விதைநெல், உரம் என்று கையிலிருந்த காசெல்லாம் வயலுக்குப் போய்விட்ட நேரம் அது. தைப்பொங்கலுக்கும் பெரும்பாலும் நெல் வயலில்தான் நிற்கும். சித்திரை வருடப்பிறப்பு ஒன்றுதான் காசு கைக்கு வந்தபிறகு வருகிற கொண்டாட்டம். அதற்காகத் தீபாவளிக்குப் பிள்ளைக்குப் புதுச்சட்டை எடுக்காமல் விடுவார்களா?

"அக்கா, நெல்லு வித்தாப்பிறகு தாறன்." இந்த வசனம்தான் என் வியாபாரம். தீபாவளி விற்பனையில் பாதிக்கு மேல் கொப்பியில் எழுதித்தான் கொடுக்கிறேன். அது பங்குனியில் திரும்பி வரும். ஆனால் எனக்குச் சாமான் தருகிற கொழும்பு வியாபாரி பங்குனி வரை பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். புறக்கோட்டை கெய்சர் வீதியில் எடுக்கும் துணிக்கு ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் தள்ளித் திகதி போட்டுக் காசோலை கொடுக்க வேண்டும். அந்தக் காசோலை வங்கிக்குப் போகும் நாளுக்கும் நெல் விற்கும் நாளுக்கும் நடுவில் இருக்கிற இரண்டு, மூன்று மாதத்தைத் தாண்டத் தெரிந்தால் சிறிய ஊரில் கடை நடத்தலாம். தெரியாவிட்டால் எவ்வளவு நல்ல உடுப்பு வைத்திருந்தாலும் இரண்டாம் வருடம் பூட்டிவிடுவீர்கள். நான் அதைத் தாண்டுவது சீட்டாலும் தையற்கூலியாலும். ஆயத்த உடுப்பில் லாபம் குறைவு. சாறிப் பிளவுஸ், பாடசாலைச் சீருடை, சாமத்தியவீட்டுக்குத் தைக்கும் உடுப்புகள், பெரிய சட்டையைச் சிறிதாக்குவது, இவைதான் அன்றாடம் காசு தருபவை. வவுனியாவில் பெரிய கடைகள் இருக்கின்றன, முகநூலில் படம் போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு விலையில் போட்டி போட என்னால் முடியாது. காலையில் கொடுத்த சட்டையைப் பின்னேர பஸ்ஸுக்கு முன் அளவு பிடித்துக் கொடுக்க என்னால் முடியும்.

கொப்பியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். கடை தொடங்கிய மூன்றாம் வருடம், மூன்று பேர் நின்றுகொண்டிருந்தபோது ஓர் அம்மாவிடம் "அம்மா, போன வருசக் காசு இன்னும் கிடக்கு" என்று கேட்டுவிட்டேன். குரலை உயர்த்தவில்லை, கோபமும் இல்லை. அந்த அம்மா ஒன்றும் பேசாமல் எடுத்த துணியை மடித்து வைத்துவிட்டுப் போனார். ஒரு கிழமையில் காசு முழுவதும் வந்துவிட்டது, ஒரு சின்னப் பிள்ளையின் கையில். அதற்குப் பிறகு அவர் என் கடை வாசலில் மிதிக்கவில்லை. வீதியில் கண்டால் மற்றப் பக்கம் போய் நடப்பார். வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், தேத்தண்ணீர் தந்தார், நன்றாகத்தான் பேசினார். கடைக்கு வரவில்லை. போரில் வீட்டில் ஆண் துணையை இழந்து தனியாகக் குடும்பம் நடத்துகிற பெண்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அவர்களிடம் மிஞ்சியிருப்பது அந்த மானம்தான். நான் அதை மூன்று பேருக்கு முன்னால் தொட்டுவிட்டேன். அன்றிலிருந்து கொப்பி மேசைமேல் இருப்பதில்லை, லாச்சிக்குள்தான். கணக்குக் கேட்பதும் ஆளில்லாத நேரத்தில்தான். வேலை செய்யும் தங்கச்சிமாருக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதுதான், துணி மடிப்பது அடுத்த நாள்.

என் அம்மாவிடம் இதை முன்பே படித்திருக்க வேண்டும். 1995, 96இல் யாழ்ப்பாணத்திலிருந்தும் பிறகு கிளிநொச்சியிலிருந்தும் சனம் இடம்பெயர்ந்து வந்தபோது மல்லாவி ஒரே வருடத்தில் பெருநகரம் போல ஆனது. கரண்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அம்மா கால்மிதி மெசினில் தைத்தார். பழைய சாறியைக் கொண்டுவந்து இரண்டு பிள்ளைகளுக்குச் சட்டை கேட்பார்கள். அம்மா தைத்து முடித்து, மிஞ்சிய துண்டில் ஒரு சின்னப் பையும் தைத்துக் கொடுப்பார். கூலி கேட்டு நான் பார்த்ததில்லை, இருந்தவர்கள் தந்தார்கள். 2008இல் நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது மெசினின் தலையைக் கழற்றி, எண்ணெய் பூசி, பொலித்தீனால் சுற்றிக் கிணற்றடியில் புதைத்தோம். முகாமிலிருந்து 2010இல் திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவு நிலை இல்லை. தோண்டினோம், தலை இருந்தது. புதிய கால்மிதிச் சட்டம் வாங்கிப் பூட்டித்தான் இந்தக் கடை தொடங்கியது.

சரி, ஊர் வேலைக்கு வருகிறேன். நான் செய்ததில் மனதுக்கு நிறைவானது, இல்ல விளையாட்டுப் போட்டி ரீசேட்டுகள். எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் பிள்ளைகளை இல்லங்கள் என்ற அணிகளாகப் பிரித்துத் தை, மாசியில் போட்டி நடக்கும். இல்லத்துக்கு ஒரு நிறம். முன்பு அந்த உடுப்பெல்லாம் வெளியூரில் தைத்து வரும். அந்தக் காசு மல்லாவிக்கு ஒரு நாள்கூடத் தங்காமல் பஸ் ஏறிப் போய்விடும். ஒரு பெற்றார் கூட்டத்தில் எழும்பி, தையல் பழகிவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பெண்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள், ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள் என்றேன். ஒரு இல்லத்துக்கு மட்டும் தந்தார்கள். 120 ரீசேட். ஏழு பெண்கள் சேர்ந்து தைத்தோம். முதல் 40இல் கொலர் இழுத்துக்கொண்டு நின்றது. அந்தத் துணி இழுபடும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இரவிரவாகப் பிரித்துத் திரும்பத் தைத்தோம். விடியப் பேருக்கு ஒரு பணிஸும் பிளேன்ரீயும் குடித்துவிட்டு நடந்துபோய்க் கொடுத்தோம். அடுத்த வருடம் எல்லா இல்லங்களும் எங்களிடம் வந்தன. அந்த ஏழு பேரில் மூன்று பேர் இப்போது தங்கள் வீட்டிலேயே மெசின் போட்டுத் தைக்கிறார்கள். எனக்கு வர வேண்டிய பிளவுஸில் சிலது அவர்களிடம் போகிறது. போகட்டும், அதற்குத்தானே கேட்டேன்.

மற்றது பொது மலசலகூடம். இதைப் பெரிய விசயமாகப் பலர் நினைப்பதில்லை. துணுக்காய், பாண்டியன்குளம் பக்கமிருந்து ஒரு பெண் காலையில் பஸ் ஏறி வந்தால் வங்கி, சந்தை, ஆஸ்பத்திரி முடித்துத் திரும்பப் பின்னேரமாகிவிடும். அதுவரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். உரிய அலுவலகத்துக்கு நான்கு கடிதம் எழுதினோம். பதில் வரும் வரை என் கடைக்குப் பின்னால் இருந்த மலசலகூடத்தைத் திறந்துவிட்டேன், ஒரு வாளி, சவர்க்காரம், உள்ளே பூட்டக் கொண்டி. யாரும் உடுப்பு வாங்கத் தேவையில்லை, கேட்கவும் தேவையில்லை, பக்கத்து ஒழுங்கையால் போய் வரலாம்.

நுண்கடன் வந்த காலத்தை விட்டுவிட்டுப் போக முடியாது. ஒரு கடனை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது என்று பெண்கள் அகப்பட்டார்கள். வசூலுக்கு வருபவர்கள் வீட்டு வாசலில் பொழுதுபட்ட பிறகும் குந்தியிருந்தார்கள். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடனுக்கு 2018இல் அரசு நிவாரணம் அறிவித்தது, சிலருக்கு மூச்சு வந்தது. நாங்கள் தைக்கும் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து சீட்டுத் தொடங்கியது அந்தப் பயத்தில்தான். ஒருவர் வீட்டில் நோய் வருத்தம் என்றால் குலுக்காமலே அவருக்குச் சீட்டைக் கொடுப்போம். இன்றுவரை ஒருவரும் கட்டாமல் விட்டதில்லை.

2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். அந்தக் காலபோகம் எங்கள் பக்கம் விளைச்சல் படுத்துவிட்டது. 2022 பங்குனியில் கொப்பியில் வெட்டுப்பட வேண்டிய பெயர்கள் வெட்டுப்படவில்லை. அதே மாதம்தான் ரூபாயும் விழத் தொடங்கியது. 200 ரூபாயளவில் இருந்த டொலர் வைகாசியில் 360ஐத் தொட்டது. துணி இறக்குமதி, நூல் இறக்குமதி, பொத்தான்கூட. பங்குனிக் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. மின்சார மெசின்கள் சும்மா இருந்தன. அம்மாவின் கால்மிதி மெசினைக் கடை வாசலுக்கு இழுத்து, பகல் வெளிச்சத்தில் தைத்தோம். புதிதாக யாரும் எடுக்கவில்லை, கிழிந்ததைத்தான் கொண்டுவந்தார்கள். எனக்கு இரண்டு காசோலை திரும்பியது. சங்கிலியை அடகு வைத்துக் கட்டினேன். கொப்பியில் இருந்தவர்களில் அதிகம் பேர் 2023 அறுவடையோடு தந்துவிட்டார்கள், சிலர் இரண்டு மூன்று தவணையாக, ஒருவர் கச்சான் மூட்டையாக.

ஆக, வருமானம் காணுமா என்றால்: வீட்டுச் செலவு, இரண்டு பிள்ளைகளின் படிப்பு, தைக்கும் நான்கு பேரின் சம்பளம் ஆகியவற்றுக்குக் காணும். காணி வாங்கவோ மாடி கட்டவோ காணாது. நேரம் என்றால், ஞாயிறு பின்னேரம் மட்டும் எனக்கென்று வைத்திருக்கிறேன். அதிலும் பாதி கடிதம் எழுதுவதில் போகிறது. இப்போது எழுதிக்கொண்டிருப்பது கடைசி பஸ்ஸை இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தி விடச் சொல்லி. ஐந்து மணிக்கே மெசினை மூடிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிற இரண்டு தங்கச்சிமார் என்னிடம் தைக்கிறார்கள். நீங்களும் எங்கள் பக்கத்தவர் என்றால் கடைக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். 63 பேர் போட்டுவிட்டார்கள்.