பயாலஜி படிப்புக்கு ஒன்றரை வருடச் சம்பளத்தைக் கடனாக வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்குப் பயாலஜி என்றால் உயிர். 3 வருட இளங்கலைப் படிப்புக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. பெயர்பெற்ற கல்லூரி என்றால், அங்கே படித்தவர்கள் முதலில் வாங்கும் ஒன்றரை வருடச் சம்பளத்துக்குச் சமமாகக் கடன் வாங்க வேண்டும். இன்னொன்றில் அதில் பாதி போதும். வட்டி 10 சதவீதம். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும், 10 வருடத்தில் அடைக்க வேண்டும். வேலை கிடைத்ததும் அவளே கட்டிவிடுவாள் என்று பெரிய கல்லூரிக்கே மனம் போகிறது. சரிதானா?

பதில்: மகளின் ஆசையை மதித்து, அதே சமயம் கணக்கும் கேட்கிறீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஒரு தாளை எடுத்துக்கொண்டு மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கடனைக் கட்டப்போவது அவள்தான்.

அவளுடைய முதல் சம்பளம் மாதம் 100 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,200. ஒன்றரை மடங்கு என்றால் கடன் 1,800. வங்கி இதை வருடத்துக்கு 600 வீதம் மூன்று தடவையாகக் கொடுக்கும். கொடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். தவணை தொடங்காத அந்த 4 வருடத்துக்குச் வட்டிக்கு வட்டி இல்லாமல் சாதாரண வட்டி போட்டாலே 540 சேர்ந்துவிடும். ஆக, முதல் தவணை அன்று கடன் 2,340. மாதத் தவணை கிட்டத்தட்ட 31. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போல, 10 வருடம். எல்லாம் கட்டி முடிக்கும்போது 1,800 வாங்கியதற்கு 3,700க்கு மேல் கொடுத்திருப்பாள். இரண்டாவது கல்லூரி என்றால் தவணை 15, 16தான். சம்பளத்தில் பிடித்தம் போக, வாடகை போக, 31 கட்டுகிறவளுக்கும் 16 கட்டுகிறவளுக்கும் வாழ்க்கையே வேறு மாதிரி இருக்கும்.

மருந்து கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண், ஒரு வருடம் தவணை கட்டிய பிறகு ஸ்டேட்மெண்ட்டோடு என்னிடம் வந்தார். பன்னிரண்டு வரிசை. அசல் பத்தியில் மட்டும் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். "ஒரு மாதம்கூடத் தவறவில்லை சார், ஆனால் கடன் குறையவே இல்லையே" என்றார். வங்கியின் கணக்கு சரியாகத்தான் இருந்தது. 10 சதவீத வட்டியில் 10 வருடக் கடன் என்றால், முதல் வருடம் கட்டும் ஒவ்வொரு 100லும் 61 போல வட்டிக்கே போய்விடும். தவணையைக் குறைக்கலாம் என்று 15 வருடமாக்கினால் வட்டிப் பங்கு 76 ஆகும். இதை யாரும் அவருக்கு முன்பே சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் அது.

அடுத்தது, அந்த "முதல் சம்பளம்" எங்கிருந்து வந்த எண்? இங்கேதான் பயாலஜி மற்றப் படிப்புகளிலிருந்து வேறுபடுகிறது. இதைப் படித்தவர்களில் ஒரு பகுதியினர் பிறகு மருத்துவம், பல் மருத்துவம் என்று போய்விடுகிறார்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் 100 வாங்கி, டாக்டரான இரண்டு பேர் 500 வாங்கினால் சராசரி 180 என்று காட்டும். உண்மையில் 180 வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லை. அதனால் சராசரியைக் கேட்காதீர்கள். சம்பளத்தை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்குகிறார், அதுவும் மேற்கொண்டு படிக்காமல் இந்த ஒரு பட்டத்தோடு வேலைக்குப் போனவர்களில், என்று கேளுங்கள். ஆய்வக உதவியாளர், தரக் கட்டுப்பாடு, மருத்துவக் கோடிங் (நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாகப் பதிவது), மருந்து விற்பனைப் பிரதிநிதி என்பவைதான் பெரும்பாலும் முதல் வேலைகள். கௌரவமான வேலைகள், ஆனால் தொடக்கச் சம்பளம் கம்மி.

ஆராய்ச்சிதான் அவளுக்கு ஆசை என்றால் 3 வருடப் பட்டத்துக்குப் பிறகு முதுகலை இல்லாமல் பெரும்பாலும் நடக்காது. முனைவர் பட்டத்துக்குப் பல நாடுகளில் உதவித்தொகை கிடைக்கும். நடுவில் வரும் முதுகலைக்குத்தான் பெரும்பாலும் கைக்காசு. அந்த 2 வருடம் பழைய கடனைத் தள்ளிப்போட்டால், 1,800க்கு இன்னும் 360 வட்டி ஏறும். இளங்கலையிலேயே கடன் வரம்பைத் தீர்த்துவிட்டால் மகள் பாதி வழியில் நிற்க வேண்டியிருக்கும். எனக்கு இதுதான் பெரிய பயம்.

ஆகவே என் கருத்து இரண்டாவது கல்லூரி. தவணை தொடங்கும் அன்று கடன், வட்டியோடு சேர்த்து, ஒரு வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் அளவு. இரண்டாவது கல்லூரிக் கடன் 1,170ல் வந்து நிற்கும், மயிரிழையில் உள்ளே. ஆனால் சேர்வதற்கு முன் அங்கே ஆய்வகத்தைப் போய்ப் பாருங்கள். பி.சி.ஆர் (டி.என்.ஏ.வைப் பல மடங்காக்குவது), ஹெச்.பி.எல்.சி (கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்து அளப்பது) கருவிகளை மாணவர்கள் கையாலேயே இயக்குகிறார்களா, கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அப்புறம் புள்ளியியலும், ஆர் (R) அல்லது பைத்தான் என்ற கணினி நிரல்மொழியும் அவள் தனியாகவாவது கற்கட்டும். முதல் வேலையில் கல்லூரிப் பெயரைவிட இவை அதிகம் கைகொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சம்பளத்துக்கு ஏற்பத் தவணை பிடிக்கும் கடன்களும் உண்டு. ஆஸ்திரேலியா 1989லேயே அந்த முறையைக் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட கடன் கிடைத்தால் மேலே சொன்ன அளவைச் சற்றுத் தளர்த்தலாம். உங்களுடையது நிலையான தவணைக் கடன், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேதி வந்துவிடும்.

உங்களால் முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வாருங்கள். பாதிக் கடனுக்கு முதல் வருடம் மாதம் 2.50, அடுத்த வருடம் 5, அதற்குப் பிறகு 7.50தான். அப்படிச் செய்தால் தவணை 12க்கு அருகில் இறங்கிவிடும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா, முதுகலைக்குப் போனால் தவணையைத் தள்ளி வைப்பார்களா என்ற இரண்டுக்கும் வங்கியில் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு ஜாமீன் கையெழுத்துப் போடுங்கள்.