இழை தப்பினால் குளிருமா?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ஊட்டியில் ஒரு தோடர் சால்வை வாங்கினோம். "கலை என்றால் இதுதான்" என்றாள் மனைவி. போர்த்திக்கொள்ளும் துணி கைவேலைதானே, கலை எப்படி ஆகும்? ஆனால் 1917இல் பிரெஞ்சுக் கலைஞர் துஷாம்ப் ஒரு சிறுநீர்க் கோப்பையில் கையெழுத்துப் போட்டுக் கண்காட்சிக்கு அனுப்பினாரே, அதைக் கலை என்கிறார்கள். எதை வைத்துத்தான் தீர்மானிப்பது?

ம., கோவை

அன்புள்ள ம.,

நான் உங்கள் மனைவி கட்சி.

துஷாம்ப் இருக்கட்டும். உங்கள் சந்தேகத்துக்கு நெருக்கமான வழக்கு வேறொன்று உண்டு. 1988இல் நியூயார்க்கில் கண்காட்சி அமைப்பாளர் சூசன் வோகல் ஒரு கண்காட்சியில், ஆப்பிரிக்காவின் ஸாண்டே மக்களுடைய வேட்டை வலையைச் சுருட்டிக் கட்டியபடியே வைத்தார். அது வெறும் கருவி, கலை ஆகாது என்றார் தத்துவ அறிஞர் ஆர்தர் டான்டோ. மானிடவியலாளர் ஆல்ஃப்ரெட் ஜெல் ஒத்துக்கொள்ளவில்லை. விலங்கின் போக்கை அறிந்து செய்த பொறியில் சிந்தனை இருக்கிறது என்பது அவர் வாதம். எனக்கு ஜெல் சொல்வதுதான் சரியென்று படுகிறது. அதை எனக்கு விளங்க வைத்தவர் ஊட்டிக்குப் பக்கத்தில், மந்து எனப்படும் தோடர் பழங்குடிக் குடியிருப்பு ஒன்றில் இருந்த பாட்டி.

வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூ வேலை செய்துகொண்டிருந்தார். வரைந்து வைத்த மாதிரி கிடையாது, துணியை இழுத்துக் கட்டும் சட்டமும் கிடையாது. துணியின் இழைகளை எண்ணி எண்ணித்தான் ஊசி போகும். திடீரென்று நிறுத்தினார். விரலால் தடவினார். அப்புறம், காலையிலிருந்து போட்ட வரிசைகளைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஓர் இழை தப்பிவிட்டதாம். எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. இழை தப்பினால் குளிர் உள்ளே வருமா? வராது. ஆனாலும் பிரித்தார். போர்த்திக்கொள்வதற்குத் தேவையே இல்லாத ஒரு சரியும் தப்பும் அந்தத் துணியில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கிற விரல்களும் அந்த ஊரில் இருக்கின்றன. கலை என்று நான் சொல்வது இதைத்தான். இறந்தவருக்கும் பூ வேலை செய்த பூத்துக்குளியை, அதாவது இந்தச் சால்வையைப் போர்த்துகிறார்கள். சிதையில் எரியப்போகிற துணிக்கும் எண்ணிக்கை தப்பக்கூடாது.

2013இல் தோடர் பூ வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான், போலிகளிடமிருந்து ஒரு காப்பு. கலையா என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

சரி, உங்கள் சால்வையை விரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும், மறுபக்கம் நூல் புடைத்துச் சொரசொரப்பாகவும் இருக்கும். நாம் உள்பக்கம் என்று நினைக்கிற அந்தச் சொரசொரப்பைத்தான் தோடர்கள் வெளியே தெரியும்படி போர்த்துவார்கள். வீட்டில் எந்தப் பக்கத்தை வெளியே போடுகிறார்கள்?