கனவுத் தூக்கமும் கூம்பு ஒலிபெருக்கியும்

வணக்கம் ஐயா,

என் தம்பிக்கு ஒன்பது ஆண்டுகளாக வலிப்பு. மூன்று மருந்து மாற்றியும் நிற்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு வழியுண்டா என்று பார்க்க, தலை முழுக்க ஒயர் ஒட்டி மூன்று இரவு வீடியோ இ.இ.ஜி. (மூளையின் மின்துடிப்பைக் கோடுகளாகப் பதியும் சோதனை) எடுத்தார்கள். "கனவுத் தூக்கத்தில் ஸ்பைக், அதாவது கோட்டில் திடீரென்று துள்ளும் கூர்முனை, குறைவு, ஆனால் அதுதான் எங்களுக்கு வேண்டியது" என்கிறார் டாக்டர். குறைவாக வந்தது எப்படி உதவும்? அம்மாவோ இன்னமும் தலையணைக்கடியில் இரும்புச் சாவி வைக்கிறார்.

க., தண்டையார்பேட்டை

அன்புள்ள க.,

நான் மருத்துவன் அல்லன். அக்கா மகனுக்காக இதே சோதனையில் ஓர் இரவு கண்விழித்தவன், பிறகு கொஞ்சம் படித்தவன். உங்கள் டாக்டர் சொன்னது சரி.

ஆடியில் உங்கள் பக்கம் கூழ் ஊற்றும்போது தெருமுனைக்கு ஒரு கூம்பு ஒலிபெருக்கி கட்டுவார்கள். வெளியூர்க்காரரிடம் பாட்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், தன் தலைக்கு மேலிருக்கும் கூம்பைத்தான் காட்டுவார். மின்சாரம் போனால் பந்தலில் பாடுபவரின் வெறுங்குரல் மட்டும் மிஞ்சும். சன்னமாக இருந்தாலும் இடம் தெரிந்துவிடும்.

கனவில்லாத தூக்கத்தில் மூளையின் நடுவிலிருக்கும் தலாமஸும் மூளையின் மேற்புறணியும் ஒரே தாளத்தில் துடிக்கின்றன. கோளாறான இடத்தில் கிளம்பும் ஸ்பைக் அந்தத் தாளத்தில் ஏறி, சம்பந்தமில்லாத பகுதிகளிலும் தெரிகிறது. கனவுத் தூக்கத்தில், அதாவது ரெம் நிலையில், நரம்பணுக்கள் அவையவை தம் வேலையைப் பார்க்கின்றன. ஒத்தூத ஆளில்லாததால் ஸ்பைக் குறைகிறது, வருவதும் பிறந்த இடத்தை விட்டு அதிகம் நகர்வதில்லை. அந்த நிலையில் வலிப்பே அபூர்வம்தான்.

முதலில் டாக்டர்கள் "இரவு தூங்காமல் வாருங்கள்" என்றிருப்பார்களே, அது வேறு கேள்விக்கு. வலிப்பு நோயா இல்லையா என்று பார்க்க, ஸ்பைக் பெருகும் மெல்லிய தூக்கம் போதும். எந்த இடம் என்பதற்குத்தான் கனவுத் தூக்கம் வேண்டும். பெரியவர்களுக்கு அது இரவில் ஏறத்தாழ கால்பங்கு, அதிலும் பெரும்பகுதி விடியலை ஒட்டி. பகலில் அரை மணி நேரம் எடுக்கும் இ.இ.ஜி.யில் அது சிக்குவது அரிது.

அக்கா மகனுக்குச் சோதனை நடந்த அன்று, காசிமேட்டில் மீன் ஏலம் தொடங்கியிருக்கும் விடியற்காலை நேரம். அதுவரை திரையில் பெரிய பெரிய அலைகள். ஸ்பைக் வந்தால் பத்துக் கோடுகள் சேர்ந்து துள்ளின. திடீரென்று கோடுகள் விழித்திருப்பவனுடையவை போலச் சிறுத்தன. பையனின் மூடிய இமைக்குள் கண்மணி ஓடியது. 1953இல் தூக்க ஆய்வாளர்கள் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் உலகுக்குச் சொன்ன அதே ஓட்டம். வெகுநேரம் கழித்து ஒரு ஸ்பைக் வந்தது, இடது நெற்றிப்பொட்டுக்கு மேலிருந்த இரண்டே கோடுகளில். டெக்னீஷியன் அதில் விரலை வைத்து, "இப்போது வெளியே ஓடவில்லை, பாருங்கள்" என்றார்.

இதை மட்டும் நம்பிக் கத்தி வைக்க மாட்டார்கள். ஸ்பைக் கிளம்பும் இடமும் வலிப்பு தொடங்கும் இடமும் எப்போதும் ஒன்றல்ல. எம்.ஆர்.ஐ., வலிப்பு வரும்போது பதிவான வீடியோ எல்லாம் ஒத்துப்போக வேண்டும். அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சாவி விஷயம். பெரும்பாலான வலிப்பு இரண்டொரு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். அந்தப் பெயரைச் சாவி தட்டிக்கொண்டுபோகிறது. அம்மாவோடு சண்டை வேண்டாம், தலையணைக்கடியில் கிடந்துவிட்டுப் போகட்டும். வலிப்பு வரும்போது மட்டும் கையிலோ வாயிலோ எதையும் திணிக்காமல், தம்பியை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.