பிராங்கியோலையும் (நுரையீரலின் சிறிய காற்றுக்குழாய்) ரத்தக்குழாயையும் மைக்ராஸ்கோப் ஸ்லைடில் மாணவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள், எப்படிக் கற்பிப்பது?

ஸ்லைடை வைத்ததும் நேராக 40எக்ஸ் லென்ஸுக்குத் தாவுகிறார்களா? குழப்பத்தில் பாதி அங்கேதான். முதலில் 4எக்ஸில் குருத்தெலும்பைத் தேடச் சொல்லுங்கள். 'சி' வடிவ வளையம் என்றால் மூச்சுக்குழல். சிறு தகடுகளாகச் சிதறி, சுற்றிலும் நுரையீரல் திசு இருந்தால் பிராங்கஸ், அதாவது மூச்சுக்குழலின் கிளை. குருத்தெலும்பும் சுரப்பியும் இல்லையென்றால் பிராங்கியோலாக இருக்கலாம். விட்டம் ஏறக்குறைய 1 மி.மீ.க்குள்தான் இருக்கும்.

இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் பக்கத்திலேயே நுரையீரல் தமனியின் கிளையும் ஓடும். இரண்டுமே வட்டம், இரண்டிலும் மென்தசை. உள்ளே சிவப்பணு தெரிந்தால் ரத்தக்குழாய் என்று முடிவுகட்ட விடாதீர்கள். திசுவை வெட்டும்போது காற்றுவழிக்குள்ளும் ரத்தம் சிந்தும், ரத்தக்குழாய் காலியாகவும் கிடக்கும். உள்வரிச் செல்களைத்தான் நம்ப வேண்டும். பிராங்கியோலில் தூண் அல்லது கனசதுரச் செல்கள் வரிசையாக நிற்கும். தசை சுருங்குவதால் உள்விளிம்பு நட்சத்திரம் போல மடிந்திருக்கும். ரத்தக்குழாயில் எண்டோதீலியம் என்ற தட்டையான உள்வரிச் செல்படலம், அதில் உட்கருக்கள் மெல்லிய கோடாகத்தான் தெரியும்.

அப்புறம், சுவரின் நடுவே காற்றறைகள் திறந்தால் அது சுவாசப் பிராங்கியோல். பெயரைச் சொல்லும் மாணவரிடம் ஆதாரத்தை மைக்ராஸ்கோப்பின் சுட்டு ஊசிமுனையில் காட்டச் சொல்லுங்கள்.