நாஜிகளிடமிருந்து ஒளிந்து வாழ்ந்த யூதக் குடும்பங்கள் எப்படி நம்பிக்கை இழக்காமல் இருந்தார்கள்?

இழக்காமல் இருந்தார்கள் என்று யார் சொன்னது? பாதிப் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டுக் கேட்கிறீர்கள். நிறையப் பேர் இழந்துதான் போயிருந்தார்கள். இழந்த பிறகும் காலையில் எழுந்து உருளைக்கிழங்கு உரித்தார்கள், பிள்ளைகளைப் படிக்க உட்கார வைத்தார்கள். அதனால்தான் எனக்கு இந்தப் பேச்சு வந்தாலே ஒளிந்திருந்தபோது நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் ஃபிராங்கைவிட அவருடைய அம்மா எடித்தின் நினைப்புதான் முதலில் வரும்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1942 ஜூலை 5 அன்று, ஜெர்மனியில் வேலை முகாமுக்கு வரச் சொல்லி மூத்த பெண் மார்கோவுக்கு ஆணை வந்தது. அவளுக்கு 16 வயது. மறுநாளே குடும்பம் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில், பிரின்சன்கிராக்ட் தெரு 263-இல், அப்பா ஓட்டோவின் கம்பெனிக் கட்டடத்தின் பின்பகுதிக்குப் போய்விட்டது. பிறகு வான் பெல்ஸ் குடும்பத்தார் மூன்று பேரும், நவம்பரில் ஃபிரிட்ஸ் பெஃபர் என்ற பல் மருத்துவரும் வந்து சேர, மொத்தம் எட்டுப் பேர். உள்ளே போகும் கதவை ஒரு புத்தக அலமாரி மறைத்திருந்தது. 1944 ஆகஸ்ட் 4 வரை யாரும் வெளியே போகவில்லை.

பகலில் கீழே கிடங்கு ஆட்கள் வேலை செய்வார்கள், அவர்களுக்கு விஷயம் தெரியாது. எனவே செருப்புச் சத்தம் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது, கழிப்பறையில் தண்ணீர் விடக் கூடாது. அந்த நேரத்தில் என்ன செய்ய முடியும்? படிக்கலாம். அலுவலகத்தில் வேலை பார்த்த பெப் என்ற பெண்ணின் பெயரில் தபால் வழியாக லத்தீன் பாடம் வரவழைத்து மார்கோ படித்தாள். சுருக்கெழுத்தும் அப்படியே. ஓட்டோ அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் டிக்கன்ஸ் வாசித்தார். இதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த கல்வியாண்டு என்று ஒன்று வரும், அப்போது பிள்ளைகள் பின்தங்கிவிடக் கூடாது என்று வைத்துக்கொண்டு நடந்துகொள்வது அது. மனதில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, மணி அடித்தால் புத்தகத்தை எடுத்தாக வேண்டும்.

1943 ஜூலையில் ஆன் ஒரு பட்டியல் எழுதியிருக்கிறாள், வெளியே போனதும் யாருக்கு முதலில் என்ன வேண்டும் என்று. மார்கோவுக்கும் திரு. வான் பெல்ஸுக்கும் தொட்டி நிறைய வெந்நீரில் குளியல், திருமதி வான் பெல்ஸுக்கு கேக், பெஃபருக்குத் தன் துணைவி சார்லோட்டைப் பார்க்க வேண்டும், ஓட்டோவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்த பெப்பின் அப்பாவைப் போய்ப் பார்க்க வேண்டும், ஆனுக்கு மறுபடியும் பள்ளிக்கூடம். எடித் கேட்டது ஒரு கப் நல்ல காபி, அவ்வளவுதான்.

ஆனால் அதே எடித், சாப்பாட்டுச் சாமான் கொண்டுவந்து தரும் மீப் கீஸ் கிளம்பும்போது கூடவே படியிறங்கி வந்து அலமாரிக்குப் பின்னால் நின்று பேசுவாராம். மற்றவர்கள் எல்லாம் போர் முடிந்ததும் அதைச் செய்வோம், இதைச் செய்வோம் என்று விளையாட்டாகப் பேசிக்கொண்டிருக்க, தனக்கோ போர் முடிவுக்கு வரும் என்றே தோன்றவில்லை, அப்படித் தோன்றுவதே வெட்கமாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். மீப் பிற்காலத்தில் சொன்னது இது. அறைக்குள் கணவரிடமோ பெண்களிடமோ சொல்ல முடியாததை, வெளியே போகக்கூடிய ஒருத்தியிடம் வாசலில் நின்று சொல்கிறார், பாருங்கள். ஆனுக்கு அம்மா மேல் ஏகப்பட்ட கோபம். மனசு சரியில்லை என்றால், உலகத்தில் மற்றவர்கள் படும் பாட்டை நினைத்துக்கொள் என்பார் அம்மா, அது ஆனுக்குப் பிடிக்காது. பதின்மூன்று, பதினாலு வயதில் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனும் எப்போதும் சிரித்துக்கொண்டிருந்தவள் இல்லை. பதற்றமும் மனச்சோர்வும் தாங்காமல் தினமும் வலேரியன் மருந்து சாப்பிடுவதாக 1943 செப்டம்பரில் அவளே எழுதியிருக்கிறாள். மனிதர்கள் உள்ளுக்குள் நல்லவர்கள் என்ற அவளுடைய வரியை மட்டும் எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள், அதை ஒட்டியே இடி முழக்கம் நெருங்கி வருவது கேட்கிறது என்று எழுதியிருப்பதை வெட்டிவிடுகிறார்கள். எனக்கு எரிச்சல் வரும் இடம் அது.

போருக்கு முன் போலந்திலிருந்த லிவிவ் நகரத்தின் சாக்கடைச் சுரங்கத்தில் ஒரு கூட்டம் 14 மாதம் ஒளிந்திருந்தது. அதில் கிறிஸ்டினா என்று ஏழு வயதுப் பெண். ஒரு கட்டத்தில் பேச்சை நிறுத்தி, சாப்பாட்டையும் ஒதுக்கிவிட்டாள். அவர்களைக் காப்பாற்றிய சாக்கடைத் தொழிலாளி லியோபோல்ட் சோகா, அவளை வெளிச்சம் விழும் திறப்புக்குக் கீழே கொண்டுபோய்த் தூக்கிக் காட்டினார். அந்த வயதுப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல என்ன இருக்கிறது? வெளிச்சத்தைத்தான் காட்ட முடியும்.

எடித்துக்கு வருகிறேன். பிடிபட்டு எல்லோரும் அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்குப் போனார்கள். அங்கே மார்கோ, ஆன் இருவரையும் சொறிசிரங்குக்காரர்களுக்கான கொட்டடியில் தனியாகப் போட்டபோது, சுவருக்கு அடியில் மண்ணைத் தோண்டி ரொட்டியை உள்ளே தள்ளியவர் அவர். முடிவு வராது என்று நினைத்த அதே மனுஷிதான். பிறகு பெண்கள் இருவரையும் பெர்கன்-பெல்சன் முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள், 1945 ஜனவரி 6 அன்று எடித் இறந்தார், முகாம் விடுதலையாவதற்கு மூன்று வாரம் முன்னால். எட்டுப் பேரில் திரும்பியது ஓட்டோ ஒருவர்தான்.

அப்புறம் இன்னொன்று. குடும்பமாகச் சேர்ந்து ஒளிய முடிந்ததே அபூர்வம். நெதர்லாந்தில் ஏறக்குறைய 28,000 யூதர்கள் ஒளிந்திருந்தார்கள், அவர்களில் எத்தனையோ குழந்தைகளை அப்பா அம்மாவே முன்பின் தெரியாத வீடுகளில் விட்டுவிட்டு வந்தார்கள். வேறு பெயர், வேறு பிரார்த்தனை, வேறு ஒருத்தியை அம்மா என்று கூப்பிடப் பழக வேண்டும். போர் முடிந்து சொந்த அம்மா வந்து நின்றபோது அவளோடு போக மறுத்து அழுத பிள்ளைகள் உண்டு. பெற்றவர்கள் திரும்பியே வராத பிள்ளைகள் வளர்த்தவர்களிடம் இருக்க வேண்டுமா, யூதச் சமூகத்திடம் போக வேண்டுமா என்று முடிவு செய்ய அரசு ஒரு குழுவையே போட்டது, வருஷக்கணக்கில் அந்தச் சண்டை ஓடியது. நம்பிக்கையைப் பற்றிக் கேட்டீர்கள், சரி. அந்தக் குழந்தைகளைப் பற்றியும் யாராவது ஒரு கேள்வி போடுங்கள், விவரமாக எழுதுகிறேன்.